உயிரணுவின் வாயில்

வாயில் இல்லாத வீடு வீடன்று, அது கல்லறை. கதவில்லாத வாயிலையுடைய வீடும் வீடன்று, அது சத்திரம். புகத்தக்கதைப் புகவிட்டும், தகாததைத் தடுத்தும், போகவேண்டியதைப் போக்கியும் வாழ்வதே இல்லத்திற்கு இலக்கணம். இவ்விலக்கணம் நாம் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டுகின்ற வீட்டிற்கு மட்டும் உரியதன்று. கண்ணுக்குப் புலனாகாத உயிரணுவிற்கும் உரியது. மரமும் மாடும் மனிதனும் உயிரணுக்களால் ஆயவை என்பது யாவரும் அறிந்ததே. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்திருக்கின்றது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏழெட்டுக் கூறே அதன் தடிப்பு. அச்சவ்வினூடே பொருள்கள் எவ்வாறு உட்புகுகின்றன, எவ்வாறு வெளியேறுகின்றன என்பதைப்பற்றி யாம் கற்றதையும், கற்றும் கல்லாதாராய் நின்றதையும் ஈண்டு எழுதப் புகுந்தோம். இஃது ஆராய்ச்சிக் கட்டுரையன்று. எம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவது. அறிவியல் இடையே வருவது, அஃதின்றி அந்நிகழ்ச்சி விளங்காதாதலின் என்க.

எம் ஊர் தாமிரபரணிக் கரையில் உள்ளதொரு சிற்றூர். எம் தந்தையாரைப் பெற்ற ஆச்சி, ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் மாவடு போடுவார். கொட்டை முற்றாத பிஞ்சுகளைக் காம்போடு பறித்துவரச் செய்து, கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் சிறிது தடவி, பீங்கான் சாடியில் ஓர் அடுக்கு வடுவும் ஓர் அடுக்குக் கல்லுப்புமாக இட்டு மூடிவைப்பார். அதனுள் ஒரு துளி நீரும் விடமாட்டார். நாள்தோறும் சாடியைக் குலுக்கி வைப்பது சிறுவராயிருந்த எமக்கு இடப்பட்ட பணி. மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் உள்ளே நீர் ஊறி நிற்கும். உருண்டு திரண்டு பளபளத்த வடுக்கள் முதியோர் முகம்போலச் சுருங்கிக் கிடக்கும். "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஆச்சி?" என்று கேட்போம். "உப்பு கேட்டது, காய் கொடுத்தது" என்பார். அவ்விடை அந்நாளில் எமக்குப் போதியதாயிருந்தது. பின்னர்க் கல்லூரியில் யாம் கற்ற நெடிய விடையும் அதனின் பெரிதும் வேறுபட்டதன்று.

கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், ஆய்வுக்கூடத்தில் எம் ஆசிரியர் பெரிய வெங்காயத்தின் செதிலிலிருந்து செந்நிறத் தோலை மெல்ல உரித்துக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் வைத்தார். குனிந்து நோக்கினோம். செங்கல் அடுக்கினாற் போன்று உயிரணுக்கள் வரிசையாய்க் கிடந்தன. ஒவ்வொன்றிலும் செந்நீல நிறம் சுவர்வரை நிரம்பியிருந்தது. ஆசிரியர் தகட்டின் ஒரு விளிம்பில் உப்புநீர் ஒரு சொட்டு விட்டு, மறு விளிம்பில் மையொற்றுந் தாளை வைத்தார். சில நிமிடங்களுள் அந்நிறம் சுவரைவிட்டு விலகிற்று. சுருங்கிச் சுருங்கி நடுவே ஓர் உருண்டையாய் ஒதுங்கிற்று. பிறகு நல்ல நீரை விட்டார். ஒதுங்கி நின்றது மீண்டும் விரிந்து சுவரைத் தொட்டது. எமக்கு ஆச்சியின் சாடி நினைவிற்கு வந்தது. ஆனால் அந்நினைவு அம்மட்டில் நின்றுவிட்டது என்பதையும் மறையாது கூறவேண்டும்.

இதன் காரணத்தைச் சுருங்கக் கூறுவோம். நீரின் மூலக்கூறுகள் உயிரணுவின் சவ்வை எளிதிற் கடப்பன. உப்பும் சர்க்கரையும் அங்ஙனம் எளிதிற் கடக்கமாட்டா. சவ்வின் இருபுறத்தும் கரைந்துள்ள பொருளின் செறிவு ஒவ்வாதிருந்தால், செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்லும். இதனையே சவ்வூடு பரவல் என்று வழங்குவர். 1748-ஆம் ஆண்டில் நொல்லே என்னும் பிரெஞ்சு அறிஞர், சாராயம் நிறைந்த கலமொன்றின் வாயைப் பன்றியின் நீர்ப்பையால் இறுகக் கட்டி நீருள் அமிழ்த்தி வைத்தார். புறத்திருந்த நீர் உட்புகுந்து அத்தோலைப் புடைத்தெழச் செய்தது. பாயசத்தில் இட்ட உலர்ந்த திராட்சை பருத்து மிதப்பதும் இதனாலேயே. நம் குருதியிலுள்ள செவ்வணுக்களைத் தூய நீரில் இட்டால் அவை நீரை ஏற்று வீங்கி வெடிக்கும், உப்பு மிகுந்த நீரில் இட்டால் வற்றிச் சுருங்கும், நூற்றுக்கு 0.9 பங்கு உப்புள்ள நீரில் மட்டும் உரு மாறாதிருக்கும். மருத்துவமனைகளில் ஊசி வழியே ஏற்றப்படும் உப்புநீர் அவ்வளவினதாய் இருப்பது இது பற்றியே.

இவையனைத்தையும் யாம் செவ்வனே கற்றோம். ஆண்டுத் தேர்வில் சவ்வூடு பரவலைப் படத்துடன் விளக்குமாறு ஒரு வினா வந்தது. படத்தை வரைந்து, அம்புக்குறிகள் இட்டு, நொல்லேயின் ஆண்டையும் தவறாது எழுதினோம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. இழந்த ஒன்று எதனால் என்று அறிய அக்காலத்தில் மிக்க ஆவல் கொண்டிருந்தோம்.

நிற்க. 2006-ஆம் ஆண்டு சித்திரை மாதம், கோடை விடுமுறையில் யாம் ஊரில் இருந்தோம். எம் தமக்கையார் ஒன்றரை வயதுள்ள தம் மகனுடன் வந்திருந்தார். பெற்றோர் ஒரு திருமணத்தின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தமையால், வீட்டில் ஆச்சியின் சொல்லே சொல். ஓரிரவு குழந்தைக்கு வயிற்றுப்போக்குத் தொடங்கிற்று. விடிவதற்குள் எட்டு ஒன்பது முறை போயிற்று. இடையே வாந்தியும் எடுத்தது. தமக்கையார் நீர் புகட்ட முற்பட்டபோது ஆச்சி தடுத்தார். "தண்ணீர் கொடுக்காதே. குடிக்கக் குடிக்கப் போய்க்கொண்டேதான் இருக்கும். வயிற்றைக் காயப் போடு, தானாக நின்றுவிடும்" என்றார். பத்துப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கையுடையவர் அவர். அவர் சொல்லை மறுத்துரைக்க எம்மில் ஒருவர்க்கும் தோன்றவில்லை.

பொழுது புலர்ந்தபோது குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. உதடும் நாவும் உலர்ந்திருந்தன. அழுதது, ஆனால் கண்ணில் நீர் வரவில்லை. யாம் நீர் பருகிய தம்ளருடன் அதன் அருகே நின்றோம். அக்குழந்தை எம் கையிலிருந்த தம்ளரை நோக்கித் தன் கையை நீட்டிற்று. யாம் தம்ளரைப் பின்னே மறைத்துக்கொண்டோம். உப்புநீர் பட்ட வெங்காயத் தோலையும், அதன் பின் நல்ல நீர் பட்டதனால் அது மீண்டு விரிந்ததையும் எம் கண்ணாற் கண்டவர் யாம். அக்காட்சியை அம்புக்குறியுடன் எழுதியவரும் யாமே. ஆயினும் எதிரே ஒரு குழந்தை நீரிழந்து வாடிச் சுருங்கிக் கிடந்தபோது, அதுவும் இதுவும் ஒன்றே என்று எமக்குத் தோன்றவில்லை. கற்றது நாவினைக் கடந்து உள்ளே செல்லாது நின்றது என்பதன்றி இதற்கு வேறென் சொல்வோம்!

வண்டி தேடித் தெருவில் ஓடிய யாம், துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியர் மிதிவண்டியில் வரக் கண்டு அழைத்து வந்தோம். அவர் குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலாற் கிள்ளி விட்டார். அத்தோல் உடனே படியாமல் மடிந்தவாறே சிறிது நேரம் நின்றது. "எத்தனை முறை போயிற்று? ஒன்றுக்குப் போயிற்றா?" என்று மட்டும் கேட்டார். தம் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் முழுதும் கொட்டிக் கலக்கி, கரண்டி கரண்டியாகப் புகட்டத் தொடங்கினார். குழந்தை வாந்தி எடுத்தது. ஆச்சி, "நான் சொல்லவில்லையா?" என்றார். செவிலியர் பத்து நிமிடம் பொறுத்திருந்து முன்னினும் மெல்லப் புகட்டினார். "பாட்டி, போகிறதை உடனே நிறுத்துவது நம் கையில் இல்லை. போனதற்கு ஈடு கொடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். நண்பகலில் குழந்தை சிறுநீர் கழித்தது. பின்னர் எதற்கோ வீறிட்டு அழுதது. இம்முறை கண்ணீர் வழிந்தது. அதனைக் கண்டு செவிலியர் சிரித்தார். போகும்போது எம்மை நோக்கி, "தம்பி, காலேஜில் என்ன படிக்கிறீர்கள்?" என்று வினவினார். தாவரவியல் என்றோம். வேறொன்றும் கூற எமக்கு நா எழவில்லை.

அன்றிரவு திண்ணையில் ஆச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தாமே கூறத் தொடங்கினார். எம் தந்தையார்க்கு முன்பு அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்ததென்பதை யாம் முன்னரே கேட்டிருந்தோம். எவ்வாறு இறந்தது என்பதைக் கேட்டதில்லை. 1958-ஆம் ஆண்டு, இரண்டு வயதில், அக்குழந்தைக்கு இவ்வாறே வயிற்றுப்போக்குக் கண்டிருக்கின்றது. வைத்தியம் பார்த்தவர் தண்ணீர் காட்டக் கூடாதென்று கூறியிருக்கின்றார். இரண்டு நாள் அவ்வாறே செய்திருக்கின்றனர். "அது தண்ணீர் கேட்டது, ஐயா. கடைசிவரை கேட்டது. கொடுத்தால் செத்துப்போகும் என்று நான் கொடுக்கவில்லை" என்றார். சிறிது பொறுத்து, "கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? நீ படித்தவன், சொல்" என்றார்.

நாற்பத்தெட்டு ஆண்டுகளாக அவர் அறியாதிருந்த ஒரு துயரத்தை, அந்த ஒரு லிட்டர் நீர் அவர் மடியில் கொணர்ந்து வைத்துவிட்டது. யாம் அன்று விடை கூறவில்லை. கல்லூரி திறந்ததும் நூலகத்தில் அவ்விடையைத் தேடினோம். தேர்வின் பொருட்டன்றி ஒரு மனிதரின் பொருட்டு யாம் முதன்முதல் நூல்களைப் புரட்டியது அப்போதுதான். அங்ஙனம் அறிந்தவற்றைப் பின்வருமாறு தொகுத்துரைப்போம்.

உயிரணுவின் சவ்வு பெரும்பாலும் கொழுப்புப் பொருளின் ஈரடுக்கு. எண்ணெயில் நீர் ஒட்டாததுபோல, நீரிற் கரைந்த உப்பும் சர்க்கரையும் அவ்வடுக்கைத் தாமே ஊடுருவுதல் அரிது. ஆக்சிசன், கரியமிலவாயு போன்ற சிறு பொருள்கள் தடையின்றிச் செல்லும். ஏனையவற்றிற்கு வாயில்கள் வேண்டும். அவ்வாயில்கள் சவ்வினுள் பதிந்து கிடக்கும் புரதங்களே. நீருக்கும் தனி வாயில் உண்டென்பதை அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரே 1992-இல் மெய்ப்பித்தார். 2003-இல் நோபெல் பரிசு பெற்றார். அத்தகைய வாயில் ஒன்றன் வழியே விநாடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் செல்கின்றனவாம். சில வாயில்கள் திறந்து மூடும் கதவுகள் போல்வன. சிலவோ ஏற்றம் இறைப்பார் போன்று உழைப்பைச் செலவிட்டு, பொருள்களை மேட்டை நோக்கி, அதாவது செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு, ஏற்றுவன.

அவற்றுள் தலையாயது டென்மார்க்கு நாட்டு அறிஞர் இயென்சு ஸ்கூ என்பார் நண்டின் நரம்புகளை ஆராய்ந்து 1957-இல் வெளிப்படுத்தியது. நம் உயிரணுக்களின் புறத்தே சோடியம் மிகுதி. அகத்தே அதன் பத்தில் ஒரு பங்களவே உண்டு. பொட்டாசியமோ அகத்தே மிகுதி, புறத்தே குறைவு. இவ்வேறுபாடு தானாக நிற்பதன்று. சவ்விலுள்ள அவ்வேற்றம், ஒவ்வோர் இறைப்பிலும் மூன்று சோடிய அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே கொணர்கின்றது. நாம் உறங்கும்போதும் இது நிற்பதில்லை. ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்விறைப்பிற்கே செல்கின்றது. வாழ்தல் என்பது வாயில் காத்தலே என்று கூறினும் மிகையாகாது. இறைப்பு நின்றால் செறிவுகள் சமமாகும். சமமாயின் உயிர் இல்லை.

இனி, குடலின் செய்தி. நாம் ஒரு நாளில் உண்பதும் பருகுவதுமாகிய நீர் இரண்டு லிட்டர் என்று கொள்வோம். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என உடலே குடலுள் சுரந்து விடுவது ஏறத்தாழ ஏழு லிட்டர். ஆக ஒன்பது லிட்டர் நாள்தோறும் குடலுட் செல்கின்றது. மலத்தோடு வெளியேறுவதோ நூறு இருநூறு மில்லி லிட்டரே. எஞ்சியது முழுவதையும் குடற்சுவரின் உயிரணுக்கள் மீட்டெடுக்கின்றன. ஒவ்வொரு நாளும் நமக்குள்ளே ஓர் ஆறு வெளிப்போந்து மீண்டும் உட்புகுகின்றது என்பது எத்துணை வியப்பு! அவ்வாற்றின் மீட்சி சிறிது தடைப்படினும் வயிற்றுப்போக்கு உண்டாகும்.

காலரா நோயில் நிகழ்வது இதன் எல்லையாகும். அந்நோய்க் கிருமி குடலுயிரணுக்களைக் கொல்வதில்லை. நஞ்சொன்றை விடுகின்றது. 1959-இல் அந்நஞ்சினை மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. அந்நஞ்சு குளோரைடு வெளியேறும் வாயிலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகின்றது. உப்பு வெளியே பாய, அதன் பின்னே நீரும் பாய்கின்றது. கொடிய நிலையில் ஒரு மணிக்கு ஒரு லிட்டர்வரை உடல் இழத்தல் கூடும். உப்பு கேட்டது, காய் கொடுத்தது என்ற ஆச்சியின் வாக்கே இங்கும் நிகழ்கின்றது. கொடுக்கும் காய் மனிதன் என்பதே வேறுபாடு.

இந்நிலையில் வெறும் நீரைக் குடித்தால் அது நன்கு உட்செல்வதில்லை. உப்புநீர் மட்டும் குடித்தாலும் அவ்வாறே. மருத்துவர் பலர் குடல் முழுதும் பழுதுற்றதென்றும், அதற்கு ஓய்வு தருவதே முறையென்றும் கருதியது இதனாலேயே. ஆனால் அவர் அறியாத வாயில் ஒன்று அக்குடலில் இருந்தது. அமெரிக்க அறிஞர் இராபர்ட் கிரேன் 1960-ஆம் ஆண்டு பிராகு நகரில் அதனை எடுத்துரைத்தார். அவ்வாயில் சோடியத்தைத் தனியே புகவிடாது. குளுக்கோசையும் தனியே புகவிடாது. இரண்டும் கைகோத்து வந்தால் மட்டும் இரண்டையும் புகவிடும். ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் என்பது கணக்கு. அவை புகுந்தால் நீரும் பின்தொடர்ந்து புகும். காலராவின் நஞ்சு ஒரு வாயிலை உடைத்துத் திறந்துவிட்ட போதும், இவ்விணை வாயிலைத் தீண்டுவதில்லை. வீட்டின் முன்கதவைக் கள்வர் பெயர்த்துச் சென்றாலும், பின்கதவு பழுதின்றி நிற்பது போன்றது இது.

இவ்வுண்மை மருந்தாக மாறிய வரலாறு நம் நாட்டிற்கும் அண்டை நாட்டிற்கும் உரியது. 1832-இலேயே ஸ்காத்லாந்தில் தாமசு லாட்டா என்னும் மருத்துவர் காலரா நோயாளரின் இரத்தக் குழாயில் உப்புநீரை ஏற்றி உயிர் மீட்டார். ஆயினும் ஊசியும் தூய உப்புநீரும் பயின்றோரும் எல்லா ஊரிலும் கிடைப்பவையல்ல. 1953-இல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் மருத்துவர், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே அளித்துப் பயன் கண்டதை இலண்டனிலிருந்து வரும் லான்செட் இதழில் வெளியிட்டார். மருத்துவ உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு காசு ஆகியோர் முறைப்படி ஆய்ந்து அதனை நிலைநாட்டினர்.

1971-இல் வங்கப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர் முகாம்களில் காலரா பரவிற்று. வனகாவில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநாபிசு, ஏற்றுவதற்கு உப்புநீர் தீர்ந்துபோக, குளுக்கோசும் சமையல் உப்பும் சமையற்சோடாவும் அளவாய்க் கலந்த நீரைப் பெரிய கலங்களில் நிறைத்து, நோயாளரின் உறவினரையே குவளை குவளையாகக் கொடுக்கச் செய்தார். முன்பு நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மடிந்த இடத்தில், அங்ஙனம் பருகியோருள் இறந்தோர் நூற்றுக்கு நால்வரினும் குறைந்தனர். 1978-இல் அதே லான்செட் இதழ், இந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றம் இதுவே ஆகலாம் என்று எழுதிற்று. வங்காள தேசத்தில் பிராக் என்னும் அமைப்பின் பெண்கள் 1980 முதல் பத்தாண்டுகள் வீடுவீடாய்ச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பும், ஒரு பிடி வெல்லமும், அரைச் சேர் நீரும் கலக்கும் முறையை ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்களில் தாய்மார்க்குக் கற்பித்தனர். எழுத்தறியாத் தாய்மார் பலர் சவ்வூடு பரவலைக் கையாற் கற்றனர். எம்மைப்போல் அம்புக்குறியாற் கற்கவில்லை.

இத்துணையும் அறிந்த பின் ஆச்சிக்கு என்ன விடை கூறுவது? கிரேன் கூறியது 1960. டாக்கா ஆய்வு 1968. குழந்தை இறந்தது 1958. எனவே குற்றமில்லை என்று கூறிவிடலாம். ஆனால் 1953-இல் சட்டர்ஜி எழுதியிருந்தார் என்பதும் உண்மை. கல்கத்தாவில் அறியப்பட்டது தாமிரபரணிக் கரைக்கு வந்து சேரவில்லை. வெறும் நீர் கொடுத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று கூறவும் இயலாது. பிழைத்திராது என்று உறுதி கூறவும் இயலாது. தாகத்தோடு போயிராது என்பது மட்டும் உறுதி. அதனை அவரிடம் கூறுவது எவ்வாறு? நெடுநாள் தயங்கினோம்.

தசரா விடுமுறையில் ஊர் சென்றபோது, யாம் படித்தவை அனைத்தையும் எளிய மொழியிற் கூறினோம். ஆண்டுகளையும் கூறினோம், சட்டர்ஜியையும் மறைக்கவில்லை. "அப்போது பெரிய பெரிய டாக்டர்களும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், ஆச்சி. நீங்கள் அன்பில்லாமல் செய்யவில்லை; சொன்னதை நம்பிச் செய்தீர்கள்" என்றோம். அவர் முழுதும் கேட்டார். "உப்பும் சீனியும் சேர்ந்து போனால்தான் கதவு திறக்குமா?" என்று ஒன்று மட்டும் கேட்டார். ஆம் என்றோம். "அப்படியானால் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்திருக்கலாமே" என்றார். யாம் திகைத்தோம். என்னை? அரிசியின் மாவுப்பொருள் குடலிற் செரித்துக் குளுக்கோசாகின்றது. அரிசிக் கஞ்சியில் உப்பிட்டுத் தருவதும் பயன் தருமென்று வங்காளத்திலும் பிறவிடங்களிலும் ஆய்ந்து கண்டிருக்கின்றனர். ஒரு வாக்கியம் கேட்ட மாத்திரத்தில் அவர் அங்கே சென்றடைந்தார். யாம் ஓராண்டு படித்தும் தம்ளரைப் பின்னே மறைத்தோம்.

அதன்பின் ஆச்சி அழவுமில்லை. அக்குழந்தையைப்பற்றி மறுபடி எம்மிடம் பேசவுமில்லை. ஆனால் அன்று முதல் எம் தெருவில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கென்று கேட்டாலும், அழையாமலே செல்வார். பொட்டலம் கிடைத்தால் அதனைக் கலக்குவார். கிடைக்காவிடில் காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய தேக்கரண்டி ஆறு சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் இட்டுக் கலக்குவார். மலத்தில் இரத்தம் இருந்தாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மாட்டாமல் கிடந்தாலோ ஆசுபத்திரிக்கு விரட்டுவார். அளவு தவறலாகாது என்பதில் கண்டிப்பு மிக்கவர். உப்பு மிகுந்தால் அந்நீரே குழந்தைக்குக் கேடாகும் என்று செவிலியர் கூறியிருந்தார். ஆதலின் கலக்கிய நீரில் ஒரு துளி தம் நாவில் இட்டுப் பார்த்த பின்னரே பிறர் கையிற் கொடுப்பார். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்பது செவிலியர் கற்பித்த அளவு. "அந்த ருசி எனக்குத் தெரியும்" என்று ஆச்சி கூறுவார்.

2013-ஆம் ஆண்டு ஆச்சி காலமானார். அவருடைய சாடி இன்றும் எம் வீட்டில் இருக்கின்றது. தமக்கையாரின் மகன் இப்போது கல்லூரி மாணவர்.

இன்றும் உலகில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிகின்றன. மருந்தின் பொருள்கள் எல்லார் சமையலறையிலும் உள்ளன. அறிவோ எல்லார் சமையலறைக்கும் சென்று சேரவில்லை. பொருள்களுக்குச் சவ்வு இருப்பதுபோல, அறிவிற்கும் ஒரு சவ்வு உண்டு போலும். கல்கத்தாவிற்கும் எம் ஊருக்கும் இடையே ஒன்று இருந்தது. எம் தேர்வுத் தாளுக்கும் எம் கைத் தம்ளருக்கும் இடையே மற்றொன்று இருந்தது. அதனைக் கடக்க அறிவு தனியே வந்தாற் போதாது. அன்பும் உடன்வரல் வேண்டும் என்பதே யாம் அச்செவிலியரிடத்தும் ஆச்சியிடத்தும் கற்ற பாடம். இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்கள் இவ்விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்லும்போது, தாம் கற்றவற்றுள் ஒன்றையேனும் தம் வீட்டு அடுக்களைக்குக் கொண்டு செல்வாராக. அங்கே தமக்கு முன்னரே அதன் பாதியை அறிந்த ஒருவர் இருத்தல் கூடும். அவரிடமிருந்து மறு பாதியைக் கற்று வருவாராக.